தலைமாட்டைப் பிடித்தவன்

ஜனவரியில் செத்துப்போன பெகியை ஏப்ரலில்தான் புதைக்க முடிந்தது. நிலம் அப்படி இறுகிக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் பொறி பறந்ததே தவிர மண் பெயரவில்லை. அதுவரை அவள் தானியக் கொட்டடியில் ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவே, இரண்டு கட்டைகளின் மேல், பெட்டிக்குள் இருந்தாள். அவள் கணவர் டோர்மட் மக்பீ தினமும் காலையில் மாட்டுக்குத் தீனி எடுக்கப் போகும்போது வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவார். வெளியே வந்த பிறகுதான் மாட்டிக்கொள்வார். ஒருநாளாவது அவளிடம் பேசியதாக யாரும் சொல்ல முடியாது. அவள் உயிரோடு இருந்தபோதே அவர் அதிகம் பேசியவரில்லை.

பெட்டியைச் செய்தவர் ஆங்கஸ். டோர்மட்டோடு ஒரே தீவிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர். இந்தப் புல்வெளியில் மரத்துக்கு எங்கே போவது? தன் வண்டியின் பலகைகளையே பிரித்து எடுத்துச் செய்தார். "பலகைய வெட்டி வீணாக்க மனசு வரல டோர்மட். பெகிக்குக் காலடியில கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கும். நீட்டிப் படுத்துக்கட்டும்" என்றார். பெகி சின்ன உருவம். கடைசி மாதங்களில் இன்னும் சுருங்கிப் போயிருந்தாள். அன்று நாலு பேர் பெட்டியைத் தூக்கிக் கொட்டடிக்குக் கொண்டுபோனபோது, வெறும் பெட்டியைத் தூக்குவது போலத்தான் இருந்தது. அந்தக் கனமின்மை டோர்மட்டின் தோளில் அப்படியே தங்கிவிட்டது.

சாவைத் தாங்கிக்கொள்ளலாம். அடக்கத்தை எப்படி நடத்துவது என்பதுதான் குளிர்காலம் முழுக்க அவரைத் தின்றது.

அவர்கள் தீவில் பிணத்தை வண்டியில் ஏற்றுவதில்லை. ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமப்பார்கள். தலைமாட்டை மூத்த மகன் பிடிப்பான். பாதி வழியில் பெட்டியை இறக்கிவைத்து, சுமந்தவர் ஒவ்வொருவருக்கும் சாவு வீட்டார் ஒரு குவளை விஸ்கி கொடுப்பார்கள். குடித்துவிட்டு ஆளுக்கொரு கல்லை அந்த இடத்தில் போட்டுவிட்டு மறுபடியும் தூக்குவார்கள். குடிகாரனுக்கும் ஒரு குவளைதான், பாதிரியாருக்கும் ஒரு குவளைதான். கொடுக்காத வீடு, செத்தவரைச் சுமையாக நினைத்த வீடு. டோர்மட்டின் தகப்பனார் போனபோது மூன்று கிராமத்து ஆண்கள் நடந்தார்கள். மழை கொட்டியது. ஒருவர்கூட வெறுங்கையோடு நிற்கவில்லை.

இங்கே வந்து பார்த்தால் இந்தப் பிரதேசம் முழுக்க மதுவிலக்கு. ரெஜினாவில் இருக்கும் ஆளுநரின் பெர்மிட் இல்லாமல் வீட்டில் ஒரு சொட்டு வைத்திருக்கக் கூடாது. இந்தச் சட்டம் யாருக்கும் பிடிக்கவில்லை. பீப்பாய்களைத் தேடிப் பிடித்துத் தரையில் கவிழ்க்கும் சிவப்புக் கோட்டுப் போலீஸ்காரர்களுக்கே பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் கவிழ்த்தார்கள்.

டோர்மட் திருட்டு வழியில் வாங்குகிறவர் இல்லை. பெகி போன மறுவாரம் பெர்மிட் கேட்டு ரயிலடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் விட்டேக்கர்தான் ஊருக்கு மாஜிஸ்ட்ரேட்டும். முப்பது வயதுகூட இருக்காது.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியவரே. இந்த ஆளை எனக்குத் தெரியும், நல்ல நடத்தை உள்ளவர், குடிச்சிட்டுக் கலாட்டா பண்ண மாட்டார்னு நான் ஒரு வரி எழுதணும். அவ்வளவுதான், பெர்மிட் வந்துடும்."

"யாருக்கு நல்ல நடத்தை?"

"உங்களுக்குத்தான்."

"போன வருஷம் நீ வந்து இறங்குனப்போ உன் சாமான் வண்டி சேத்துல மாட்டிச்சு. என் மாடுதான் இழுத்துவிட்டுச்சு. அன்னிக்கு உன் நடத்தையப் பத்தி நான் யார்கிட்டயாவது கேட்டனா?"

"ஐயோ, இது வெறும் சம்பிரதாயம்..."

"எங்க வீட்டுச் சாவுக்கு எம்மேல நீ சாட்சி சொல்ல வேண்டாம்."

விண்ணப்பத் தாளைக் கடைப்பலகை மேலேயே வைத்துவிட்டுப் பனியில் நடந்து வீட்டுக்கு வந்தார். மகள் கிர்ஸ்டி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "கெடைச்சுதாப்பா?"

"தேநீர் குடுப்போம்" என்றார் டோர்மட்.

அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. குளிரால் மட்டும் அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

மகன் விஷயம் அதைவிடக் கனமானது. யூவன் இரண்டு வருடம் முன்பு, உறைபனி பயிரைக் கருக்கிய ஆண்டில், போலீஸில் சேர்ந்தான். டோர்மட்டுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. போன இலையுதிர் காலத்தில்தான் எல்லாம் முறிந்தது. பக்கத்து நிலத்துச் செம்பட்டை ரோரியின் மகளுக்குக் கல்யாணம். ரோரி எப்படியோ ஒரு பீப்பாய் வரவழைத்திருந்தான். யாரோ போலீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். பீப்பாயை வாசலில் வைத்து, மாப்பிள்ளை பெண் கண்ணெதிரே பனியில் கவிழ்த்தது கான்ஸ்டபிள் யூவன் மக்பீ. பீப்பாயைக் கொண்டுவந்த ரோரியின் மச்சானுக்கு விலங்கும் மாட்டினான். ரோரி கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லோரும் கலையும்போது சத்தமாகச் சொன்னான்: "எங்க வீட்டுச் சந்தோஷத்த மக்பீ வீட்டுப் புள்ள தரையில ஊத்திட்டான். நல்லா வளத்திருக்காங்க."

அன்று இரவு டோர்மட் மகனுக்கு ஆள் அனுப்பினார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இந்த வாசல்படி ஏறக்கூடாது.

பெகி படுக்கையில் கிடந்தபோது ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "என் தலமாட்ட யூவன்தான் புடிக்கணும். வேற யாரு புடிச்சாலும் நான் எறங்க மாட்டேன், சொல்லிட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டோர்மட் பதில் சொல்லவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாளா, இல்லை உறங்கிப்போனாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஏப்ரலில் மண் இளகியதும் கிர்ஸ்டியிடம், "உன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பு" என்றார்.

அடக்கத்துக்கு முதல்நாள் மதியம் யூவன் வந்தான். சிவப்புக் கோட்டோடுதான் வந்தான். கூடவே சார்ஜென்ட் கின்செல்லா. அயர்லாந்துக்காரர், நரைத்த மீசை. அவர் பேசும் அயர்லாந்துப் பேச்சு இவர்களுக்கு முக்கால்வாசி புரியும்.

டோர்மட் வாசலில் நின்றார். "அந்தக் கோட்டோடயா?"

"வேற கோட்டு எங்கிட்ட இல்லப்பா."

அது உண்மை என்று டோர்மட்டுக்குத் தெரியும். அவனுடைய பழைய கோட்டை அவரேதான் கிழித்து மாட்டுக்குப் போர்வையாக்கியிருந்தார். நகர்ந்து வழிவிட்டார்.

சார்ஜென்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் வேலையா வரல பெரியவரே. இந்தப் பையனப் பெத்தவங்களுக்கு மரியாதை செய்ய வந்திருக்கேன். எங்க ஊர்ல கடைசி ராத்திரி செத்தவங்களத் தனியா விடறதில்ல. நீங்க அனுமதிச்சா நான் அவங்ககூட உக்காந்துக்கறேன்."

மறுக்க முடியாத மரியாதை. கொட்டடியில் ஓட்ஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை. மணியுருட்டி ஜெபம் செய்துகொண்டே இருந்தார்.

ஆங்கஸ்தான் நிலைகொள்ளாமல் இருந்தார். முதலில் வந்து, மூடியில் ஆணிகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஆணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க, ஒரு ஜெபம் சொல்வோம்" என்றார் சார்ஜென்ட்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தியலோடு வந்தார். பிறகு சுத்தியலை மறந்து வைத்துவிட்டதாக மறுபடியும் வந்தார். "சார்ஜென்ட், குதிரை பசியில கனைக்குது, போய்ப் பாருங்களேன்."

"யூவன் பாத்துக்குவான்."

"நீங்க கொஞ்சம் தூங்கினா என்ன? நான் இருக்கேனே."

"உங்கள மாதிரி சிநேகிதர் கெடைக்க அந்தம்மா குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் சார்ஜென்ட். டோர்மட்டும் அப்படித்தான் நினைத்தார். கிர்ஸ்டி மட்டும் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், அப்பா பார்ப்பதைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் ஆண்கள் வந்தார்கள். பனி அங்கங்கே திட்டுத்திட்டாகக் கிடந்தது. செம்பட்டை ரோரியும் வந்தான். வராமல் இருக்க மாட்டான் என்று டோர்மட் எதிர்பார்த்ததுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும், சாவுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அவன் டோர்மட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். யூவன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

பெண்கள் வீட்டில் நின்றுகொண்டார்கள். யூவன் தலைமாட்டைப் பிடித்தான். மற்றவர்கள் சுற்றி நின்று தூக்கினார்கள். டோர்மட் கால்மாட்டுக்கு முன்னால் நடந்தார். கணவன் சுமப்பதில்லை, வழி காட்டி நடப்பான்.

பத்தடி போவதற்குள் பின்னால் இருந்தவர்களின் மூச்சு அவருக்குக் கேட்டது. ஏன் இப்படி இரைக்கிறார்கள்? ஜனவரியில் இவள் ஒரு கட்டு வைக்கோல் கனம்கூட இல்லையே. அடுத்து வேறொரு சத்தம். காலடிக்குக் காலடி, பெட்டிக்குள்ளிருந்து. களக். களக்.

பனி உருகி உள்ளே போயிருக்குமோ என்று முதலில் நினைத்தார். பிறகு போன மாதம் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு சார்ஜென்ட் இங்கேயும் வந்திருந்தார். மாவுத் தொட்டியைக் குத்திப் பார்த்தார், உப்பு மீன் சாடியைத் திறந்து பார்த்தார், ஓட்ஸ் மூட்டைகளைக் கவிழ்த்தார். கொட்டடியில் பெட்டியின் முன்னால் மட்டும் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அன்று கிர்ஸ்டியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அம்மா நினைப்பு என்று இவர் நினைத்தார்.

இப்போது எல்லாம் புரிந்தது. ஆங்கஸின் சுத்தியலும் புரிந்தது. பெகியின் காலடியில் மிச்சமிருந்த இடமும் புரிந்தது. தேநீர் கொடுப்போம் என்று அப்பா சொன்னதைத் தாங்கமாட்டாமல், மகள் திருட்டு வழியில் வாங்கியதை ஒளிக்கத் தாயின் பெட்டியைத் திறந்திருக்கிறாள். உறைந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடியிருக்கிறாள். முந்தின நாள் எடுத்துவிடலாம் என்று இருந்திருப்பார்கள். மரியாதை செய்ய வந்தவர் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டார்.

டோர்மட் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்தே நடந்தார். சத்தம் யூவனுக்குக் கேட்டிருக்கும். பெட்டியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கிறவனுக்குக் கேட்காமல் இருக்குமா?

பாதி வழியில் ஒரு மேடு. இந்த நிலத்தில் கல் கிடையாது. அதனால் இங்கே செத்த முதல் ஆளுக்கு, புல்வெளியெங்கும் வெளுத்துக் கிடக்கும் காட்டெருமை எலும்புகளை ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். அது இப்போது இடுப்பளவு குவியல். அங்கேதான் இறக்க வேண்டும்.

இறக்கும்போது கால்மாட்டில் இருந்த ஆங்கஸுக்குப் பிடி நழுவி, பெட்டியின் அந்த முனை ஒரு எருமை மண்டையோட்டின் மேல் மடாரென்று விழுந்தது. உள்ளே ஏதோ பிளந்த சத்தம். பிறகு பலகை இடுக்கிலிருந்து மெல்லிய ஒழுக்கு ஒன்று கசிந்து எலும்புகளின் மேல் இறங்கியது.

வாசனை எழுந்தது.

யாரும் அசையவில்லை. ஒரு கிழவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் சார்ஜென்டைப் பார்த்தார்கள்.

சார்ஜென்ட் கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்கைச் சிந்தினார். "ராத்திரி அந்தக் கொட்டடிக் குளிர்ல எனக்குச் சளி புடிச்சிடுச்சு. எந்த வாசனையும் தெரியல. பனித் தண்ணி போலிருக்கு. தூக்குங்கப்பா, போகலாம்."

நாலைந்து பேர் மூச்சு விட்டார்கள். ஆங்கஸ் பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"சளியா?" என்றான் ரோரி. பெரிதாகச் சொல்லவில்லை. "எங்க வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு மட்டும் போலீஸ்காரங்க மூக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஏம்ப்பா யூவன், உனக்கும் சளியா?"

தலைமாட்டுப் பக்கம் நின்ற யூவனின் முகம் கோட்டைவிடச் சிவந்து போயிருந்தது. வாய் திறந்தது, மூடியது. டோர்மட் அதைப் பார்த்தார். அந்த வாய் பெகியின் வாய். இவன் பேசாமல் இருந்தால், இந்தக் கோட்டுப் பித்தான்களை இனி எந்த வாசலிலும் நிமிர்ந்து நின்று காட்ட முடியாது. ரோரிக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டம் என்று சாகிறவரைக்கும் சொல்வார்கள். பேசினால் தன் தாயின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, தன் தங்கையைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"பனித் தண்ணி இல்ல. விஸ்கி" என்றார் டோர்மட்.

"பெரியவரே, யோசிச்சுப் பேசுங்க" என்றார் சார்ஜென்ட்.

"யோசிச்சுட்டேன். நான்தான் வெச்சேன். பெர்மிட் இல்ல. வேற யாருக்கும் தெரியாது. எம் பையனுக்கும் தெரியாது."

ஆங்கஸ், "டோர்மட், அப்படி இல்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஆங்கஸ், இது எங்க வீட்டுச் சாவு. நீ பேச வேண்டாம்."

அறுபத்தைந்து வருடத்தில் டோர்மட் மக்பீ சொன்ன முதல் பொய் அது. அதைத் தெரிந்தவர்கள் அந்த மேட்டில் அநேகம் பேர் இருந்தார்கள். ரோரிக்கும் தெரியும். அவன் முகத்திலிருந்து கிண்டல் வடிந்து போயிருந்தது. ஏதோ சொல்ல வந்தவன், காலால் ஒரு எலும்பைப் புரட்டிவிட்டு நின்றான்.

"அப்பா..." என்றான் யூவன்.

"நீ வேலையில இருக்கே. உன் வேலையப் பாரு. முதல்ல உங்கம்மாவக் குழியில எறக்கி வை."

சட்டப்படி பிடித்ததைக் கவிழ்க்க வேண்டும். மூடியைத் திறக்க எந்தக் கையும் வரவில்லை. சார்ஜென்டும் திறக்கச் சொல்லவில்லை. அதனால் எல்லோரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அது தானாக ஒழுகி முடியும்வரை நின்றார்கள். காற்று வீசும்போது வாசனை முகத்தில் அடித்தது. ஒவ்வொருவரின் கையிலும் ஒரு குவளையாகப் போயிருக்க வேண்டியது, அவள் காலடியிலிருந்து சொட்டுச் சொட்டாக எருமை எலும்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெகி வாழ்நாளில் ஒரு வாய் குடித்ததில்லை. சாவு வீட்டுக் குவளைகளை மட்டும் அவளே துடைத்து வைப்பாள், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

ஒழுக்கு நின்றது. சார்ஜென்ட் மெல்ல, "ஊத்தியாச்சு" என்றார். ஆளுக்கொரு எலும்பைப் பொறுக்கிக் குவியலில் போட்டார்கள். மறுபடியும் தூக்கினார்கள். யூவன்தான் தலைமாட்டைப் பிடித்தான்.

குழியில் இறக்கும்போது அவன் கயிற்றை விடவே இல்லை. மற்ற கயிறுகளெல்லாம் விழுந்த பிறகும் பிடித்துக்கொண்டு நின்றான். டோர்மட் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

வீட்டு வாசலில் கிர்ஸ்டி காத்திருந்தாள். ஆங்கஸின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஓடி வந்தாள். "அப்பா, நான்தான்பா, நான்தான்..."

"தேநீர் ஆயிடுச்சா?" என்றார் டோர்மட்.

"அப்பா, கேளுங்க. சார்ஜென்ட், அது..."

"வந்தவங்க நிக்கிறாங்க கிர்ஸ்டி. உங்கம்மாவச் சுமந்துட்டு வந்தவங்க. குடு."

அந்தக் குரலுக்கு எதிராக அவள் ஒருநாளும் பேசியதில்லை. தேநீரை ஊற்றினாள். கண்ணீர் கெண்டியின் மேல் விழுந்து சுரீர் என்றது. ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள். ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். தேநீர் மட்டும் கொடுத்த சாவு வீடு. டோர்மட் ஒவ்வொருவர் முன்னாலும் தானே போய் நின்று, கோப்பை காலியானதைப் பார்த்து, தலையசைத்தார். ரோரியின் முன்னால் வந்தபோது அவன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, தீவில் விஸ்கிக் குவளையைக் கவிழ்ப்பது போலக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

"விதைப்புக்கு என் மாட்ட ஓட்டிட்டு வரேன் பெரியவரே" என்றான்.

"கிர்ஸ்டி ஏர் புடிப்பா. வடக்கு மூலையில ஈரம் காய விடணும். அவசரப்பட வேண்டாம்."

"சரி."



சார்ஜென்ட் அவரைக் கொட்டடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இரண்டு கட்டைகளும் காலியாகக் கிடந்தன. "இங்க பாருங்க. நான் இன்னும் ஒண்ணும் எழுதல. எழுதிட்டா திருப்ப முடியாது. அபராதம் கட்டணும், இல்லேன்னா ஜெயில்."

"அபராதத்துக்கு மாட்ட விக்கணும். மாட்ட வித்தா விதைப்பு இல்ல. ஜெயில்."

"இன்னொண்ணும் இருக்கு. கைதியோட மகன இந்த ஊர்ல வெக்க மாட்டாங்க. மேற்கே மலையடிவாரத்துக்கு அனுப்பிடுவாங்க. வருஷக்கணக்குல அங்கேதான் கெடப்பான். இப்பதான் வீடு வந்திருக்கான் பெரியவரே. யாரு வெச்சதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? அந்தப் பொண்ணையும் நான் தொட மாட்டேன். எனக்குச் சளின்னு சொல்லுங்க, போதும்."

டோர்மட் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையடிவாரம். ரயிலில் போனாலே எவ்வளவோ தூரம் என்பார்கள். இவர் கைநாட்டு வைக்கிறவர், மகனுக்கு ஒரு வரி எழுதிப் போடவும் முடியாது. தொழுவத்தில் மாடு ஒன்று கத்தியது.

"ரோரி வீட்டு வாசல்ல எம் பையன் தல நிமிர்ந்து நின்னான்" என்றார் டோர்மட். "அன்னிக்கு எனக்கு அது புடிக்கல. ஆனா நின்னான். எழுதுங்க."

சார்ஜென்ட் பெருமூச்சு விட்டார். "நானே கூட்டிட்டுப் போறேன். பையன் வேண்டாம்."

"ரோரி வீட்டுக்கு யாரு போனாங்களோ அவன்தான் எனக்கும் வரணும்."

ஆங்கஸிடம் மிச்சமிருந்த இன்னொரு வண்டி, இரண்டு சக்கர வண்டி, வாசலில் நின்றது. ஆண்கள் இன்னும் போகவில்லை. யூவன் வண்டிக்குப் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். டோர்மட் கோட்டின் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நேராகப் போய் மகன் முன்னால் நின்று, இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டினார்.

"வேண்டாம்பா. ஏறி உக்காருங்க, போதும்."

"ரோரி மச்சானுக்கு அன்னிக்கு மாட்டினியா இல்லையா?"

"மாட்டினேன்."

"மாட்டு."

விலங்கின் இரும்பு குளிர்ந்திருந்தது. யூவனின் விரல்களில் பூட்டு இரண்டு முறை வழுக்கியது. "நிதானமாப் பண்ணு" என்றார் டோர்மட், சின்ன வயதில் அவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த அதே குரலில்.

கிர்ஸ்டி வாசல்படியில் இடுப்பில் கட்டிய துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். டோர்மட் அவளைப் பார்த்து, "அடுப்ப அணைய விடாதே" என்றார்.

வண்டி மேட்டை எட்டியது. எலும்புக் குவியலின் அருகே வாசனை இன்னும் நின்றது. டோர்மட் பூட்டிய இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கித் தொப்பியைக் கழற்றினார். குவியல் கடந்த பிறகு மறுபடி மாட்டப் பார்த்தார். காற்றில் நழுவியது. யூவன் குதிரையை நிறுத்தி, இறங்கிப் போய் எடுத்துவந்து, அப்பாவின் தலையில் வைத்து, நேராக்கிவிட்டான்.

"அது கிர்ஸ்டிதானேப்பா?" என்றான்.

"நான் சொன்னத சார்ஜென்ட் எழுதிட்டார்."

"நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல."

"இனியும் கேக்க மாட்டே."

குதிரை நடந்தது. தூரத்தில் புது மண் மேடு கறுப்பாகத் தெரிந்தது. டோர்மட் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பனிக்கட்டி கலந்த மண்ண போட்டு மூடியிருக்கோம்" என்றார். "வெயில் ஏறினா உருகி அமுங்கும். குழி விழும். மறுபடி மண் போடணும். நான் இருக்க மாட்டேன். நீயும் இருக்க மாட்டே."

"கிர்ஸ்டிகிட்ட சொல்லிட்டுப் போறேன்பா."

"அவளுக்கு ஏர் இருக்கு."

"ஆங்கஸ்கிட்ட சொல்றேன்."

"ம்."

ரயிலடி தெரியத் தொடங்கியது. விட்டேக்கர் தன் கடை வாசலில் நின்றுகொண்டு வருவது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது தெரிந்தது. டோர்மட் முதுகை நிமிர்த்தினார். விலங்கை மறைக்க யூவன் தன் கம்பளியை அப்பாவின் மடிமேல் இழுத்துப் போட்டான். அவர் அதைத் தள்ளிவிட்டார். பிறகு, கடை நெருங்குவதற்குச் சற்று முன், முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தலமாட்ட நல்லாப் புடிச்சே. உங்கம்மாவுக்குக் குலுங்கவே இல்ல."

யூவனுக்குக் கடிவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. வழி குதிரைக்குத் தெரிந்திருந்தது.